கடனை மறந்த கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்த 2008 நவம்பரில் லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்குச் சென்ற பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் அரசி, இவ்வளவு பெரிய நெருக்கடி வருவதை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை என்று கேட்டார். நம் பொருளியல் வகுப்பறைகள் அக்கேள்வியை இன்னும் முழுமையாக எதிர்கொள்ளவில்லை என்பதே என் ஆதங்கம். பெருமந்தத்தை, அதாவது நீடித்த கடும் பொருளாதாரச் சரிவைத், தடுக்கும் சிக்கல் தீர்ந்துவிட்டதாக நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் லூகாஸ் 2003-இல் அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் வருமானச் சான்றுகூடக் கேட்காமல் வீட்டுக்கடன் வழங்கும் வழக்கம் பரவியது; அக்கடன்களை மூட்டையாகக் கட்டிப் பத்திரங்களாக விற்றுவிட முடிந்ததால், பணம் திரும்பி வருமா என்ற கவலை கடன் கொடுத்தவருக்கே இல்லாமற்போனது. பொருளாதாரத்தின் போக்கைக் கணிக்க மைய வங்கிகள் நம்பியிருந்த கணித மாதிரிகளிலோ, வங்கிகளுக்கும் கடன் நிலுவைக்கும் பெரும்பாலும் இடமே இல்லை. நீண்டகால அமைதிதான் துணிச்சலான கடனை வளர்த்து நிலைகுலைவை உண்டாக்கும் என்று விளக்கிய அமெரிக்கப் பொருளியலாளர் ஹைமன் மின்ஸ்கி, 1996-இல் இறக்கும்வரை ஓரங்கட்டப்பட்டே இருந்தார்.

தீர்விலும் இதே குறைதான். நெருக்கடிக்குப் பின் ஐரோப்பாவில் அரசுச் செலவுக் குறைப்பின் பாதிப்பைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகப் பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளர் 2013-இல் ஒப்புக்கொண்டபோது, கிரேக்கத் தொழிலாளர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கும் மேல் வேலையின்றி இருந்தனர். நமது முதுகலைப் பாடத்திட்டத்தில் கடன் நெருக்கடிகளின் வரலாற்றைக் கட்டாயத் தாளாக்குமாறு பல்கலைக்கழகங்களை வேண்டுகிறேன்.

— பொருளியல் ஆசிரியர் ஒருவர், மதுரை