கடிக்கு அஞ்சுகிறோம், மணலை மறந்துவிட்டோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதிலிருந்து, பூங்காவுக்குள் நாய் வரலாமா கூடாதா என்ற சண்டை தெருவுக்குத் தெரு நடக்கிறது. கடியைப் பற்றிய அச்சம் நியாயமானதுதான். ஆனால் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடியில் கொட்டியிருக்கும் மணலை யாரும் பேசுவதில்லை.

குழந்தை விழுந்தால் அடிபடக் கூடாதென்று கொட்டும் அந்த மணல்தான், நாய்க்கும் பூனைக்கும் மலம் கழிக்கப் பிடித்த இடம். நாய் மலத்தில் இருக்கும் உருண்டைப்புழு முட்டை அன்றே தொற்றாது. மண்ணில் இரண்டிலிருந்து நான்கு வாரம் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். ஆகவே உடனே அள்ளிவிட்டால் பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும். விட்டுவிட்டால் மலம் கரைந்து மறைந்த பிறகும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மணல் அளைந்த கையைக் குழந்தை வாயில் வைத்தால் உள்ளே போகும் முட்டை பொரிந்து, புழு கல்லீரல், நுரையீரல், சில நேரம் கண் வரைக்கும் போகிறது. கொக்கிப்புழு வேறு வகை. ஈர மணலில் ஒரு வாரத்துக்குள் அதன் இளம்புழு தயாராகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். அது ஊரும் பாதையில் அரிப்போடு சிவந்த கோடு தெரியும்.

இதற்கு பிளீச்சிங் பவுடர் தூவுவது வீண் வேலை. உருண்டைப்புழு முட்டையின் ஓடு அதற்கு அசையாது. அசுத்தமான மேல்மணலை அள்ளி அகற்றிப் புது மணல் போட வேண்டும். இரவில் விளையாட்டு மணலைத் தார்ப்பாயால் மூட வேண்டும். 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையைப் பூனை படிக்காது! அந்த மணற்பகுதிக்கு மட்டும் நான்கடி உயரக் கம்பி வேலியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் போட்டால், மீதிப் பூங்காவில் நாய் நடப்பதில் தவறில்லை.

நாய் வளர்ப்போர் பழைய செய்தித்தாள் இரண்டு தாள் கொண்டு வந்தால் போதும். மலத்தை அதில் வாரி, மடித்து, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடலாம். பூங்காவின் இலை உரக் குழியில் போடக் கூடாது. அங்கே எழும் சூட்டை நம்ப முடியாது, புழு முட்டை உரத்தோடு செடிக்குப் போய்ச் சேரும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி, மாநகராட்சி உரிமம் மூன்றும் இல்லாமல் பூங்காவுக்கு வருவது முறையல்ல.

நாய் கடிக்காமலிருக்க அதன் வாயில் மாட்டும் கவசத்தில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் நைலான் பட்டை வாயை இறுக்கிக் கட்டிவிடுகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சென்னை வெயிலில் வாயைக் கட்டினால் அது மயங்கி விழும். கூடை போன்ற கவசமே சரி. அதைப் போட்டபடியே நாய் வாயைத் திறந்து தண்ணீர் குடிக்க முடிய வேண்டும். கயிறு ஆறடிக்குள் போதும். பொத்தானை அழுத்தினால் நீளும் கயிறு வேண்டாம், குழந்தை குறுக்கே ஓடும்போது இழுத்துப் பிடிக்க நேரம் இருக்காது. குழந்தைகள் குவியும் மாலை 5 முதல் 7 மணி வரை நாய்களைத் தவிர்த்து, விடியற்காலையை அவற்றுக்கு ஒதுக்கலாம்.

பூங்கா வாசலில் தெரு நாய்களுக்குத் தயிர்சாதமும் பிஸ்கட்டும் வைக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் நுழைவாயிலுக்கும் தொலைவில் இருக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே சொல்கின்றன. சோற்றுக்குக் காவல் நிற்கும் தெரு நாய்களும் கயிற்றில் வரும் வளர்ப்பு நாயும் எதிர்ப்படும் இடத்தில்தான் பெரும்பாலும் சண்டை மூள்கிறது; விலக்கப் போகிறவர் கையும் கடிபடுகிறது.

கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், காப்பித்தூள் எதுவும் கூடாது. பிறகு தாமதிக்காமல் தடுப்பூசிக்கு அரசு மருத்துவமனை செல்ல வேண்டும். ஆனால் பல பூங்காக்களில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. தண்ணீர் வரும் ஒரு குழாயையும் அதன் பக்கத்தில் ஒரு சோப்பையும் மாநகராட்சி ஏற்பாடு செய்யட்டும்.

இப்படிக்கு,
வாசகர், கே.கே. நகர், சென்னை