நெல்லை எக்ஸ்பிரஸில் இட்லி கொடுத்த அம்மாவுக்கு

போன மாதம் எழும்பூரிலிருந்து என் எதிர் இருக்கையில் வந்த அம்மா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். கடன் வாங்கிப் பங்குச் சந்தையில் போட்டுத் தொலைத்துவிட்டு, செங்கல்பட்டு தாண்டும்வரை போனையே வெறித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

"சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டீர்கள். வாழையிலையில் மிளகாய்ப்பொடி தடவிய நாலு இட்லி. இரண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, கண்ணை மூடி ஜெபித்து, அப்புறம்தான் கை வைத்தீர்கள். அதற்குள் நான் ஒன்றை முடித்திருந்தேன்.

என் கதையைக் கேட்டுவிட்டு நீங்கள் பிரசங்கம் பண்ணவில்லை. அதற்கே தனியாக ஒரு நன்றி. ஜிப் வைத்த பைபிளைத் திறந்து 1 தீமோத்தேயு 6:8-ஐ விரலால் காட்டினீர்கள், அவ்வளவுதான். உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதும் என்று பவுல் எழுதிய இடம். ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கிய வசனம். ஆனால் அன்றைக்குத்தான் படித்தேன்.

போனில் இருந்த அந்தப் பங்குச் சந்தை ஆப்பை அழித்துவிட்டேன். கடன் இருக்கிறது, மாதாமாதம் கட்டுகிறேன். ராத்திரி ஜெபித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வருகிறது.

கோவில்பட்டியில் நீங்கள் இறங்கியது தெரியவில்லை. விழித்தபோது உங்கள் சாம்பல் நிறப் போர்வை என் மேல் கிடந்தது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், அம்மா.