காளானுக்கு அடிப்பக்கமும் உண்டு

ஆசிரியருக்கு,

காட்டு நடை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், படம் எடுத்துச் செயலியில் போட்டால் பெயர் வந்துவிடும் என்று காளானையும் அதில் சேர்த்திருக்க வேண்டாம்.

மழை விட்டதும் முளைக்கும் புற்றுக்காளானை ஆசையாகச் சமைக்கிறோம். புல்வெளியில் வரும் குளோரோபில்லம் மோலிப்டைட்ஸ் என்ற நச்சுக்காளானும் மேலிருந்து பார்த்தால் வெளிறிய குடைதான். வித்தியாசமெல்லாம் அடியில். புற்றுக்காளானின் தண்டு வேர்போல் நீண்டு கரையான் கூடுவரை இறங்கும், குடைக்கு அடியிலிருந்து உதிரும் வித்துத்தூள் இளஞ்சிவப்பு. மற்றதன் தண்டில் வளையம் இருக்கும், தூள் பச்சை. இளசாக இருக்கையில் அதன் செவுள்களும், அதாவது குடைக்கு அடியில் உள்ள மெல்லிய தகடுகளும், வெள்ளையாகவே இருந்து தொலைக்கும், அதுதான் வம்பு. குடையை வெட்டி வெள்ளைத்தாளில் ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் தூளின் நிறம் தெரியும். புழு அரித்தால் விஷமில்லை, வெள்ளி கறுத்தால் விஷம் என்பதெல்லாம் சும்மா பேச்சு.

சரி, சரணாலயத்தில் பறிக்க முடியாதே? அனுமதியின்றிப் பறிப்பதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. செல்போனைத் தரையோடு வைத்து, செல்ஃபி கேமராவில் செவுள்களைப் படமெடுக்கலாம். அப்புறம் தண்டின் அடி, பக்கத்திலிருக்கும் மரம். அதிலும் இனம் தெரியாவிட்டால், நெருங்கிய இனங்களைச் சேர்த்துச் சொல்லும் பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதில் தப்பில்லை. ஆனால், படத்தை மட்டும் நம்பிச் சமைக்க வேண்டாம்.

அடுத்த மழைக்காலத்தில் காளான் படம் போட்டால், அடிப்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

ஒரு வாசகர், சேலம்