மூன்று முறை விசில் ஊதியவர்களுக்கு

அன்புள்ள உங்களுக்கு,

மடலென்றால் பெயர் போட்டுத்தான் தொடங்க வேண்டும். மலையில் எங்களைக் காப்பாற்றிய உங்களில் ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இரவு பதினொன்றரைக்கு ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தியபோதுதான் நண்பன் சொன்னான்: "டேய், யார் பேரையும் கேக்கலையேடா." அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பின் கண்ணாடி வழியே உங்கள் டார்ச் வெளிச்சங்கள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். எப்படியாவது உங்கள் கண்ணில் பட்டுவிடும் என்ற நம்பிக்கைதான்.

நன்றி சொல்வதற்கு முன்னால் எங்கள் குட்டு ஒன்றை உடைத்துவிடுகிறேன். அன்று நீங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கே தனியாக ஒரு நன்றி உண்டு.

மலையுச்சிக்குப் போக வர 20 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் 1200 மீட்டர். முந்தைய நாள் கணக்குப் போட்டவன் நான். மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்போம், ஐந்து மணி நேரம், ஓய்வுக்கு ஒரு மணி நேரம் என்று தாளில் எழுதி அடிக்கோடும் போட்டேன். பூங்காவில் நடப்பவன் போடும் கணக்கு அது. எங்கே இருந்தாலும் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். பன்னிரண்டு மணிக்கு உச்சி கண்ணெதிரே தெரிந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டு" என்று ஆரம்பித்தவனும் நான்தான். மலையில் இந்த மூன்று வார்த்தைகளைச் சொல்பவன் வாயைப் பொத்த வேண்டும் என்று இப்போது தெரிகிறது. கண்ணெதிரே தெரிந்தது உச்சி இல்லை, அதற்கு முன்னால் இருந்த ஒரு மேடு. அசல் உச்சியில் கால் வைத்தபோது மணி 1.50. அங்கே நாற்பது நிமிடம் உட்கார்ந்து படம் வேறு எடுத்தோம்.

இறங்கும்போது 4.10-க்கு, சரளைக்கல் சரிவில், நண்பனின் இடது பாதம் உள்பக்கமாக மடங்கியது. பெரிய விழுகை ஒன்றுமில்லை. நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தான். ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளி ஒடியும் சத்தம். முகம் வெளுத்துவிட்டது. இரண்டு முறை எழ முயன்று முடியாமல், மூன்றாவது முறை முயற்சிக்காமலே விட்டுவிட்டான். சாலைக்கு இன்னும் 6 கிலோமீட்டர். போனில் சிக்னல் இல்லை. மேகம் வேறு பள்ளத்திலிருந்து மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது.

நான் செய்தது கத்தியதுதான். "யாராவது இருக்கீங்களா" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். கீழே உட்கார்ந்திருந்தவன்தான், "கத்தாதே, உன் பையோட நெஞ்சுப் பட்டையப் பாரு" என்றான். இரண்டு வருடமாக அந்த முதுகுப்பையை மாட்டுகிறேன். நெஞ்சுக்குக் குறுக்கே வரும் பட்டையின் பக்கிளில் ஒரு ஓரமாகச் சின்னத் துளை இருக்கும். அது ஒரு விசில் என்று அன்று மாலை 4.25-க்குத்தான் எனக்குத் தெரியும். எப்படி ஊத வேண்டும் என்றும் அவனே சொன்னான்: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் சும்மா இரு, மறுபடியும் ஆறு. மலையேறிகளுக்குப் பழக்கமான ஆபத்து அழைப்பு அது. டார்ச்சால் வெளிச்சம் காட்டினாலும் கணக்கு அதேதான்.

ஊதினேன். மூன்றாவது சுற்று முடிந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றபோது, மேகத்துக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லியதாக விசில் கேட்டது. எதிரொலி என்று நினைத்தேன். நண்பன் கையை உயர்த்திக் காட்டினான். "எதிரொலின்னா ஆறு வரணும். வந்தது மூணு."

மூன்று என்றால் பதில். கேட்டுவிட்டது, வருகிறோம் என்று பொருள். எனக்கு அது தெரியாது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அந்த மூன்று விசிலை ஊதியவர் நீங்கள்தான், அம்மா. பக்கத்தில் உங்கள் மகன்.

நீங்கள் இருவரும் எங்களை வந்தடைந்தபோது மணி 5.25. அப்போது எனக்கு வந்தது நன்றிகூட இல்லை, எரிச்சல். ஏன் இவ்வளவு நேரம் என்று. மறு வாரம் வரைபடத்தை விரித்து, நீங்கள் விசில் கேட்டதாகச் சொன்ன ஓடையைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஓடைக்கும் நாங்கள் இருந்த இடத்துக்கும் நடுவில் இருந்த சமஉயரக் கோடுகளைப் பென்சில் முனையால் எண்ணினேன். பதினான்கு. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம். ஆக 280 மீட்டர், மாடிக் கணக்கில் சொன்னால் 90 மாடி. பொழுது சாயும் நேரத்தில், நாளெல்லாம் நடந்துவிட்டு வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்த நீங்கள், யாரென்றே தெரியாத இரண்டு பேருக்காக மேகத்துக்குள் 90 மாடி திரும்ப ஏறி வந்திருக்கிறீர்கள். அந்த எரிச்சலுக்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வந்ததும் மூச்சுக்கூட வாங்காமல் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "மாத்துச் சட்டை இருக்கா?" கால் ஒடிந்தவனிடம் சட்டையைப் பற்றி என்ன கேள்வி என்று தோன்றியது. இருவருமே பருத்தி பனியனில் இருந்தோம், வியர்வையில் பிழிந்தெடுக்கலாம் போல. மேலே போகப் போக 1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது எனக்குப் பள்ளிப் பாடத்தில் தெரியும், உடம்பில் தெரியாது. நடந்துகொண்டிருக்கும்வரை குளிர் தெரிவதில்லை, உட்கார்ந்ததும் பிடித்துக்கொள்கிறது. உங்கள் கம்பளிச் சட்டையை அவனுக்குப் போட்டீர்கள். என் பையைக் கொட்டிக் கவிழ்த்து, காலிப் பையை அவனுக்கு அடியில் தள்ளினீர்கள். "மேல எத்தனை போத்துனாலும், கீழ இருந்து குளிர் ஏறுனா வீண்." போர்த்துவதையே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, கீழே விரிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவனுக்குப் பல் கிட்டத் தொடங்கியபோது நான் பதறினேன். "நடுங்கட்டும். நடுங்குறது நல்லது. சூடு ஏறாமலே நடுக்கம் நின்னாத்தான் பயப்படணும்" என்றீர்கள். பிறகு அவனிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னீர்கள். அறிவு மங்குகிறதா என்று பார்க்கத்தானாம். 93, 86 என்று வந்தவன் 79-க்கு அப்புறம், "அம்மா, எனக்குக் கால் நல்லா இருந்தப்பவே இது வராது" என்றான். அந்த மலையில் முதல்முறையாகச் சிரித்தோம்.

ஷூவைக் கழற்றப் போன என் கையில் தட்டினீர்களே, அதற்கும் நன்றி. "கழட்டிட்டா வீங்கிக்கும், திரும்ப ஏறாது." லேஸை மட்டும் தளர்த்தி, இரண்டு விரலை உள்ளே விட்டு, கணுக்கால் மொட்டின் பின்பக்க விளிம்பை அழுத்திப் பார்த்தீர்கள். விரலை அசைக்க முடிகிறதா, தொட்டால் தெரிகிறதா என்று கேட்டீர்கள். கடைசியாக, "எங்க தோளப் பிடிச்சுக்காம நாலு அடி வைப்பியா?" அவனால் ஒரு அடிகூட வைக்க முடியவில்லை. "அப்ப சுளுக்குன்னு நினைக்காதீங்க. எலும்பாத்தான் இருக்கும்." முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்ததாக அதன் பிறகுதான் சொன்னீர்கள். மருத்துவமனையில் டாக்டர் அதே இடத்தை அழுத்தினார், அதே நாலடிக் கேள்வியைக் கேட்டார். யாருக்கு எக்ஸ்ரே வேண்டும் என்று முடிவு செய்ய, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட விதி அது என்றார். நீங்கள் அதைத் தலைவிளக்கு வெளிச்சத்தில் செய்து முடித்துவிட்டீர்கள் என்று சொன்னோம். புருவத்தை உயர்த்தினார். உங்களைச் சந்தித்தால் அவருக்கும் பிடிக்கும்.

தம்பி, உங்களுக்கு. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஓடச் சொன்னதும் நான் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினேன். நீங்கள் நின்று, மண்டியிட்டு, தாளில் எழுதினீர்கள். இடம், ஜிபிஎஸ் எண்கள், விபத்து நடந்த நேரம், எத்தனை பேர், என்ன காயம், நடக்க முடியுமா, துணைக்கு யார். எழுதியதை அம்மாவிடம் ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினீர்கள். வாயால் சொல்லி அனுப்பியிருந்தால் இருட்டில், பதற்றத்தில் ஏதாவது ஒரு எண் மாறியிருக்கும். மீட்புக் குழு நேரே எங்களை நோக்கி வந்ததற்கு அந்த இரண்டு நிமிடம்தான் காரணம் என்று குழுத் தலைவர் பிறகு சொன்னார்.

நீங்கள் ஓடியதும், பாறையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த மூவர் வந்து சேர்ந்தார்கள். தாடிக்கார அண்ணன், ஓயாமல் பேசிய அண்ணன், ஒரு வார்த்தைகூடப் பேசாத அண்ணன். எனக்கு வேறு அடையாளம் தெரியாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணன்மார்களே, அந்தக் கயிற்று வித்தையை நான் இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். சுருளாகக் கட்டியிருந்த கயிற்றை நடுவில் முடிந்து இரண்டு வளையமாகப் பிரித்தீர்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் நண்பனின் ஒரு கால். மேல்பாதியைத் தாடிக்கார அண்ணன் முதுகுப்பை மாதிரித் தோளில் மாட்டி, எழுந்து நின்றார். என் நண்பன் 74 கிலோ. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறினீர்கள். பேசாத அண்ணன் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏழெட்டு நிமிடம் ஆன பிறகே இறக்கிவிட்டார். நான் கேட்டபோதெல்லாம் "நீ வெளிச்சம் பிடி" என்று ஒதுக்கினீர்கள். ஒருமுறை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிச் சுமந்தேன். நாற்பது அடி வந்தேன், முழங்கால் ஆடிவிட்டது. வெளிச்சம் பிடிப்பதும் முக்கியமான வேலைதான் என்று அதன்பின் ஒத்துக்கொண்டேன்.

இளைப்பாறிய ஒரு இடத்தில் பேசும் அண்ணன் எங்கள் கணக்கைக் கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-லேயே எழுதி வைத்த கணக்கைச் சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதைக்குப் போட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. "அதுவும் நல்ல காலோட, நல்ல பாதையில, நிக்காம நடக்குறவனுக்கு. ஒங்களுக்கு ஒன்பது வச்சுக்கங்க." அவர் சொன்னதில் ஏளனம் துளியும் இல்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

8.40-க்கு மீட்புக் குழுவின் விளக்குகள் தெரிந்தன. அத்தனை பேரும் தொண்டர்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள். ஸ்ட்ரெச்சருக்கு ஒரு நேரத்தில் ஆறு பேர், பின்னால் மாற்று ஆட்கள். முன்னால் போகிறவர் "கல்லு", "படி", "ஈரம்" என்று சொல்லச் சொல்ல, அந்தச் சொல் ஆள் ஆளாகப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். சில இரவுகளில் தூக்கத்திலும் கேட்கிறது. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதவில்லையே என்று நினைக்க வேண்டாம். இருட்டில் தலைவிளக்குக்குப் பின்னால் முகமே தெரியவில்லை.

எக்ஸ்ரேயில் வெளிக்கணுக்கால் எலும்பில் விரிசல். அறுவை தேவைப்படவில்லை. ஆறு வாரம் கட்டு, இப்போது பிரித்தாயிற்று. ஊன்றுகோலோடு மாடிப்படி ஏறப் பழகுகிறான்.

அம்மா, கடைசியாக ஒன்று. என் விரல் மரத்துப்போனபோது உங்கள் கையுறையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டீர்கள். சாம்பல் நிறம், பெருவிரல் நுனியில் கறுப்பு நூலால் தைத்த கிழிசல். ஜோடியில் இடக்கையுறை மட்டும் என் சட்டைப் பையில் இருக்கிறது. வலக்கையுறையை எங்கோ பாதையில் விட்டுவிட்டேன். புது ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தத் தையல் போட்டதை எறிய மனம் வரவில்லை. நீங்கள் கேட்டால் மூன்றையும் தருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
விசிலை இரண்டு வருடம் தெரியாமல் மாட்டித் திரிந்தவன்

பி.கு. (கால் ஒடிந்தவன் எழுதுவது): கணக்கு அவன் போட்டது என்பது உண்மை. பன்னிரண்டு மணிக்கு அவன் "இவ்வளவு தூரம் வந்துட்டு" என்று ஆரம்பித்தபோது, "ஆமாடா, போயிரலாம்" என்று எழுந்து முதலில் நடந்தவன் நான். அதை வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறான். அப்புறம், அவன் சுமந்தது நாற்பது அடி இல்லை. முதுகில் இருந்தவன் நான், எண்ணினேன். பதினெட்டு.