படமாகப் போடாதீர்கள், எழுத்தாகப் போடுங்கள்

பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், பதிவாளர்களுக்கும், அவற்றின் இணையத்தளங்களைப் பராமரிக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். நான் கிளிநொச்சியில் கணினி கற்பிக்கும் ஆசிரியை. என்னிடம் படிப்பவர்களில் கண் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். யுத்தத்தில் கை விரல்களை இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகக் கனவோடு நிற்கும் பிள்ளைகளும் இவர்களுக்குள் உண்டு. ஒரு மாணவருக்கும் அவருடைய பல்கலைக்கழகத்துக்கும் இடையில் மூன்றாவது ஆள் தேவைப்படக்கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான். இது ஒரு நிறுவனத்தின் குறை மட்டுமல்ல என்பதால் எந்தப் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

கண் தெரியாத மாணவி எப்படி இணையத்தளம் பார்ப்பாள் என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது, அதைத் திரைவாசிப்பான் என்போம். என்விடிஏ என்பது அதில் ஒன்று. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற அவுஸ்திரேலியர் 2006இல் அதைத் தொடங்கினார். இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் பேசுகிறது. எங்கள் பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு வேகமாக வேலை செய்வார்கள்.

ஒட்டுசுட்டான் பக்கத்து மாணவி ஒருத்தி ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவுப் படிவத்தைத் திறந்தபோது பக்கத்தில் இருந்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், சுட்டெண் என்று எனக்குத் திரையில் எல்லாம் தெரிகிறது. அவளுக்குக் காதில் விழுந்தது, "எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க். எடிட், பிளாங்க்." எழுதும் பெட்டி, காலி என்பது மட்டும்தான். எந்தப் பெட்டியில் எதை எழுதுவது? பெட்டிக்குப் பக்கத்தில் பெயர் இருந்தது, ஆனால் அந்தப் பெயரைப் பெட்டியோடு இணைக்கும் ஒரு வரி நிரலை எழுத யாருக்கும் தோன்றவில்லை. எப்படியோ தட்டுத்தடுமாறி நிரப்பினாள். கடைசியில் கோணல் எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லும் படம் வந்தது. அதைக் கேட்டு எழுத வழியே இல்லை. பிறகு நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொமினிகேசன் கடைக்குப் போய், அடையாள அட்டையையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்து நிரப்பினாள். கடைக்காரர் நல்லவர். ஆனால் அவளுடைய மருத்துவச் சான்றிதழ், பெற்றோரின் வருமானம், வங்கிக் கணக்கு எல்லாம் அந்தக் கடைக் கணினியில் தங்கிவிட்டன. கண் தெரிந்த மாணவர் யாரிடமும் நீங்கள் இப்படிக் கேட்க மாட்டீர்கள்.

அடுத்தது அறிவித்தல்கள். அலுவலகத்தில் கடிதத்தைக் கணினியில் தட்டச்சு செய்கிறீர்கள். அச்செடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, ஸ்கான் செய்து இணையத்தளத்தில் ஏற்றுகிறீர்கள். அந்த நிமிடத்திலேயே எழுத்தாக இருந்தது வெறும் படமாகிவிடுகிறது. திரைவாசிப்பானால் அதில் ஒரு சொல்லைக்கூட நேரடியாக வாசிக்க முடியாது. விடுதி அனுமதி, பரீட்சைத் திகதி, மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்தின் முடிவுத் திகதி எல்லாம் இப்படித்தான் எங்களுக்கு வருகின்றன. தட்டச்சு செய்த அந்த மூலக்கோப்பு உங்கள் கணினியிலேயே கிடக்கிறது. அதை எழுத்தாகவே பக்கத்தில் இட்டு, கையொப்பமிட்ட பிரதியைக் கீழே இணைத்துவிடுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், குழுக் கூட்டமும் வேண்டாம். சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டாத துணுக்காய், நெடுங்கேணிக் கிராமங்களில் போனில் பார்க்கும் மற்ற மாணவர்களுக்கும் பெரிய படக் கோப்பை விட எழுத்து விரைவாக இறங்கும்.

அந்த மூலக்கோப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். நமது அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் பாமினிதான். அது கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்து. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் பதிவாகிறது. திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். ஒரு முழுச் சுற்றறிக்கையை அப்படிக் கேட்டுப் பாருங்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியீடு தரும் பொதுமுறையான யூனிகோட்டில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. பாமினிக் கோப்பை யூனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. யூனிகோட்டில் எழுதினாலும், பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்க மறக்காதீர்கள். குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடக்கூடும். அங்கே ஏதோ எழுதியிருந்தது என்பதே கேட்பவருக்குத் தெரியாது.

விரல்கள் இல்லாதவருக்கு மவுஸ் பிடிப்பது பெரும்பாடு. விசைப்பலகையில் டாப் விசையைத் தட்டித் தட்டித்தான் நகர்வார். தான் எங்கே நிற்கிறார் என்று திரையில் காட்டும் கோட்டைத் தளம் செய்பவர்கள் அழகுக்காக அழித்துவிடுகிறார்கள். மவுஸைக் கொண்டுபோனால் மட்டும் விரியும் பட்டியல்களை வைக்கிறார்கள். நேரம் முடிந்ததென்று பாதியில் வெளியே தள்ளிவிடுகிறார்கள். புதுமுக மாணவருக்கான காணொளியில் எழுத்து வரிகள் இல்லையென்றால் செவிப்புலனற்றவருக்கு அது வெறும் வாயசைப்புத்தான்.

ஓரத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட ஒரு பொத்தானைப் பொருத்திவிட்டால் சரி என்று சில நிறுவனங்கள் உங்களிடம் விற்க வரும். தயவுசெய்து வாங்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் எங்கள் பிள்ளைகளின் கருவிகளிலேயே வசதி இருக்கிறது. பெயரில்லாத பெட்டியையும் ஸ்கான் படத்தையும் அந்தப் பொத்தான் நம்பகமாகச் சரிசெய்யாது.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பேசுகிறது. பொதுக் கட்டடங்களுக்கு 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, பல இடங்களில் சாய்தளம் கட்டினார்கள். ஆனால் இன்றைக்கு மாணவர் முதலில் வந்து நிற்பது இணையத்தளத்தின் முன்னால். 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோதும், அதற்கு முன்பு கிளிநொச்சி அறிவியல் நகருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்கள் வந்தபோதும் வன்னிப் பிள்ளைகளுக்குத் தூரம் குறைந்துவிட்டது என்று நானும் மகிழ்ந்தவள். திரையின் முன்னால் இருக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் அந்தத் தூரம் குறைய வேண்டும்.

புதிய தளம் செய்யக் கேள்விமனுக் கோரும்போது, இணையத்தளங்களை எல்லோரும் பாவிக்கக்கூடியதாகச் செய்வதற்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2இன் இரட்டை ஏ தரம் கட்டாயம் என்று நிபந்தனையில் எழுதுங்கள். 2023 ஒக்டோபரில் வெளியான அந்த வழிகாட்டி யாரும் இலவசமாக வாசிக்கக்கூடியது. தானியங்கிச் சோதனைக் கருவிகள் பிழைகளில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். ஆகவே கடைசிக் கொடுப்பனவுக்கு முன் திரைவாசிப்பான் பாவிக்கும் ஒருவரை இருத்தி, பதிவு தொடக்கம் கட்டணம் செலுத்துவது வரை தனியாகச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

அதுவரைக்கும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் பொறுப்பான அலுவலர் ஒருவரையும் முகப்புப் பக்கத்தில் அறிவியுங்கள். வாசிக்க முடியாத அறிவித்தலை எழுத்தாக அனுப்பச் சொல்லிக் கேட்பவருக்கு முடிவுத் திகதிக்கு முன் பதில் போகவேண்டும். அடுத்த தொகுதி மாணவருக்கான பதிவைத் திறப்பதற்கு முன்பே படிவத்தை எங்களிடம் தாருங்கள். சோதித்துச் சொல்ல என் மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு கணினி ஆசிரியை