அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டில் வேறு மொழி பேசினாலும் நண்பர்களோடு ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசுகிற உன் வகுப்பு மாணவன் தேர்வுத் தாளில் நான்கு வரிக்கு மேல் எழுதுவதில்லை என்றும், அவனுடைய அறிக்கையில் "முயற்சி போதாது" என்று குறிக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதைக் குறிப்பதற்கு முன் நான் சொல்வதைக் கேள்.

பேச்சுக்கு வேண்டிய ஆங்கிலம் வேறு, பாடத்துக்கு வேண்டிய ஆங்கிலம் வேறு. கனடாவில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1979இல் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார். அன்றாடப் பேச்சு ஏறத்தாழ 2 ஆண்டுகளில் வந்துவிடும் என்றும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கு நிகராகப் பாடமொழியைக் கையாள 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகும் என்றும் அவருடைய ஆய்வுகள் காட்டின. விளையாடும்போது எதிரில் இருப்பவரின் முகமும் கையசைவும் பாதிப் பொருளைச் சொல்லிவிடுகின்றன. தாளில் அந்தத் துணை இல்லை. "ஒப்பிடுக", "காரணம் காட்டி நிறுவுக" என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை எந்தப் பிள்ளையும் விளையாட்டில் கற்பதில்லை. வீட்டில் ஆங்கிலப் புத்தகமும் அதைப் படித்துக் காட்ட ஒருவரும் இருக்கிற பிள்ளைக்கு அவை முன்பே பழகியிருக்கும். மற்றவனுக்கு உன் வகுப்பு ஒன்றுதான் வழி. அவன் ஓடி எட்டுவதற்குள் மற்றவர்களும் மேல்வகுப்புப் பாடங்களுக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

பல மொழி பேசும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பதாகவும் எண்ணிவிடாதே. தாய்மொழியில் நன்றாகப் படிக்க எழுதக் கற்றுக்கொண்டு வந்தவள் அந்தத் திறனை ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்கிறாள். அந்த வாய்ப்பு இடையில் அறுந்துபோனவனோ, இன்னும் முழுதாகப் புரியாத ஒரு மொழியிலேயே வாசிப்பையும் முதன்முறையாகக் கற்க வேண்டியிருக்கிறது.

நான் அறிவியல் கற்பித்த காலத்தில் ஒரு சிறுமி, நீர் ஆவியாவதைத் தன் மொழியில் பக்கத்துத் தோழிக்கு என்னைவிடத் தெளிவாக விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அடுத்த வாரம் அதே கேள்விக்கு ஆங்கிலத் தாளை வெறுமையாக விட்டிருந்தாள். நான் பூஜ்யம் போட்டு, "கவனக்குறைவு" என்று எழுதினேன். கேட்ட காது எனக்கு இருந்தது, இருந்தும் எழுதினேன். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

"எல்லோருக்கும் ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர், இதில் அநீதி எங்கே?" என்று உன் சக ஆசிரியர் கேட்டதாக எழுதியிருந்தாய். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல், சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீன வம்சாவளி மாணவர்கள் தொடுத்த வழக்கில் இதற்கு விடை சொல்லிவிட்டது: மொழி புரியாத பிள்ளைக்கு அதே நூலையும் அதே ஆசிரியரையும் கொடுத்துவிடுவது மட்டுமே சமமாக நடத்துவது ஆகாது.

எனவே அடுத்த பாடத்தில் அவனை முதலில் தன் மொழியிலேயே விடையை எழுதவோ, அம்மொழி தெரிந்த தோழனிடம் சொல்லவோ விடு. பிறகு இருவருமாக அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவாருங்கள். கேள்வியில் வரும் "ஒப்பிடுக" போன்ற ஏவற்சொற்களைப் பாடமாகவே நடத்து. கருத்துக்கும் மொழிக்கும் தனித்தனியே மதிப்பெண் இடு. இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், உன் வேலைச் சுமையும் எனக்குத் தெரியும்.

அவன் தன் மொழியில் எத்தனை வரி எழுதினான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா