பிரிக் சந்தைப் பாட்டு

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

உங்கள் சேர்ந்திசைக் குழு ‘பிரிக் ஃபேர்’ என்ற ஆங்கில நாட்டுப்பாடலை ஒத்திகை பார்த்தபோது பதிவுசெய்து நீ அனுப்பியதை மூன்று முறை கேட்டேன். சுருதி எங்கும் விலகவில்லை. ஆனாலும், இஸ்திரி போட்ட சட்டையைப் போல, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே ஒரு மடிப்புகூட இல்லாமல் பாடுகிறீர்கள் என்பதே என் குறை.

1905 ஏப்ரலில் இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் சிறிய சந்தை ஊரான பிரிக்கில் நடந்த இசைப்போட்டியில், நாட்டுப்பாடலுக்கும் ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய பண்ணை மேற்பார்வையாளரான ஜோசஃப் டெய்லர் அதில் வேறொரு பாட்டைப் பாடிப் பரிசு பெற்றார். அங்கு வந்திருந்த ஆஸ்திரேலியப் பியானோ கலைஞர் பெர்சி கிரெயிஞ்சர் அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டதுதான் இந்தப் பாட்டு. ஆகஸ்ட் ஐந்தாம் நாள், நல்ல வெயில், காதலியைக் காணச் சந்தைக்குப் போகிறான் ஒருவன், கதை அவ்வளவுதான். டெய்லருக்கு இரண்டு சரணங்களே தெரிந்திருந்தன. மற்றவற்றைக் கிரெயிஞ்சர் வேறு பாடல்களிலிருந்து எடுத்துச் சேர்த்தார்.

அங்கே டோரியன் என்று சொல்லும் சுரவரிசையில் இந்த மெட்டு அமைந்திருக்கிறது. நம் கர்நாடக இசைக் கணக்கில் அது கரகரப்பிரியாவின் சுரங்கள்: ‘சாதாரண காந்தாரம்’ எனும் தாழ்ந்த காந்தாரம் ஒரு சோகத்தைக் கொண்டுவர, ‘சதுஸ்ருதி தைவதம்’ எனும் உயர்ந்த தைவதம் அந்தச் சோகம் கவிந்துவிடாமல் மேலே சற்று வெளிச்சத்தைத் திறந்து வைக்கிறது. அந்தத் தைவதம் ஒரு படி இறங்கிச் ‘சுத்த தைவதம்’ ஆகியிருந்தால் நடபைரவி ராகத்தின் சுரங்களாகி, சந்தைக்குப் போகிறவன் அழுதுகொண்டே போவது போலிருந்திருக்கும். இதைக் கரகரப்பிரியா ராகம் என்று உன் தோழிகளிடம் சொல்லிவிடாதே. சுரங்கள் ஒன்றாக இருப்பதாலேயே ராகம் ஒன்றாகிவிடாது.

1906-இல் கிரெயிஞ்சர் போனோகிராஃப் கருவியோடு லிங்கன்ஷயருக்குத் திரும்பி, பாடகர்களின் குரலை மெழுகு உருளைகளில் பதிந்தார். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டபோது, காதால் ஒருமுறை கேட்டுக் குறித்ததில் எவ்வளவு நழுவிப்போகிறது என்பது அவருக்குப் புரிந்தது. பல பாடகர்கள் ஒரே பாட்டுக்குள் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் ஒருமுறை ஏற்றியும் ஒருமுறை இறக்கியும் பாடினார்கள். சரணத்துக்குச் சரணம் தாளமும் மாறியது. டெய்லருடைய சுரங்களோ ஐயத்துக்கு இடமில்லாத தெளிவு கொண்டவை என்று கிரெயிஞ்சரே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் தெளிவுக்கு நடுவே, ஆட்டுக்குட்டி கத்துவது போன்ற சின்னச் சின்னக் குரல் நடுக்கங்களையும் உதிரிச் சுழிப்புகளையும் டெய்லர் தூவிக்கொண்டே போவார். நான் மடிப்பு என்று சொன்னது அதைத்தான்.

இந்த மெட்டைக் கொண்டு 1907-இல் ஆங்கில இசையமைப்பாளர் டீலியஸ் எழுதிய வாத்தியக்குழு இசையும் அழகானதே. ஆனால் உனக்கு இப்போது வேண்டியது அது இல்லை. 1908-இல் கிராமஃபோன் கம்பெனி லண்டனில் பதிவுசெய்த டெய்லரின் குரலே இன்றும் கேட்கக் கிடைக்கிறது. துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லை. மேல் சுரங்களை அந்த வயதில் அவர் எவ்வளவு இலகுவாகத் தொடுகிறார் என்று கேள்.

உங்கள் குழுவில் டெனர் எனும் உச்ச ஆண்குரல் பாடகர் தனியே பாட, நீங்கள் சொல்லில்லாமல் முனகியபடி கீழே நிற்கிறீர்கள். டெய்லர் எங்கே மூச்சு வாங்கினார் என்று தெரிந்துவிட்டால், அந்த இடத்தில் உன் முனகலும் தானாகத் தளரும். அடுத்த ஒத்திகையையும் பதிவுசெய்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா